வீட்டுக்காரரும் விருந்தாளியும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஏ.எல். முடித்ததோடு படிப்பு நின்றது. இப்போது தொழிற்சாலையில் மெஷினோடு நிற்கிறேன். தலைவர் அண்ணை, "தம்பி, நாட்டைப் பற்றிப் பத்து நிமிசம் கதையும்" எண்டு கேட்டபடியால் வந்து நிற்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலமை எங்கட கேம்பின் சமையலறையில் ஒரு அடுப்பில் நாங்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். பக்கத்து அடுப்பில் குருநாகல் அண்ணர் ஒருவர் கிரிபத் காய்ச்சினார். சூரியன் மேட ராசிக்குள் போகிற அதே நேரம்தான் அவருக்கும் வருடப்பிறப்பு. கட்டைச் சம்பலோடு ஒரு துண்டு எனக்கும் தந்தார். ஒரே நாளில் வருடம் பிறக்கிற இரண்டு சனத்துக்கு நடுவில் இவ்வளவு இரத்தம் எப்படி ஓடியது எண்டு யோசித்தேன். அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

காரணம் புத்தர் இல்லை. சமயத்தையும் இனத்தையும் நாட்டையும் ஒரே முடிச்சாகக் கட்டிய அரசியல்தான் காரணம்.

அந்த அரசியல் ஒரு நியாயமான காயத்தில் இருந்துதான் தொடங்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் நல்ல பள்ளிக்கூடங்கள் பாதிரிமார் கையில் இருந்தன. உத்தியோகம் வேண்டுமென்றால் ஆங்கிலமும் வேதமும் உதவின. பௌத்தர்கள் மனம் நொந்தார்கள். எங்கட பக்கத்தில் ஆறுமுக நாவலரும் அதே நோவோடுதான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தன் சமயத்தைக் காப்பாற்றப் பள்ளிக்கூடம் கட்டுவதில் பிழை இல்லை.

பிழை அடுத்த படியில் வந்தது. 1891இல் மகாபோதி சங்கத்தைத் தொடங்கிய அநகாரிக தர்மபால, தீவு சிங்கள பௌத்தருடையது, மற்றவர் அந்நியர் என்ற எண்ணத்தையும் சேர்த்தே பரப்பினார். "என் சமயத்தை மதி" என்ற குரல் "இந்த வீடு என்னுடையது, நீ விருந்தாளி" என்று மாறியது. 1915இல் கண்டிப் பக்கத்தில் தொடங்கிய கலவரத்தில் முதலில் அடி வாங்கியவர்கள் முஸ்லிம் சனம். தமிழருக்கு அடி பிறகுதான் வந்தது.

1956 புத்த ஜயந்தி ஆண்டு. பிக்குகள் ஊர் ஊராகப் போய்ப் பண்டாரநாயக்காவுக்கு வாக்குக் கேட்டார்கள். அவர் வென்றார், ஜூன் மாதம் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957இல் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். 1958 ஏப்ரலில் பிக்குகள் அவருடைய வீட்டுக்கு முன்னால் போய் இருந்தார்கள். அன்றே ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதம் கலவரம். 1959 செப்ரெம்பரில் தல்துவே சோமராம என்ற பிக்குவே அவரைச் சுட்டார். சதிக்காகத் தண்டிக்கப்பட்ட களனி விகாராதிபதி புத்தரக்கித்த, 1956இல் அவரைப் பதவியில் ஏற்ற முன்னின்றவர். இந்தக் குதிரையில் ஏறியவருக்கு இறங்கும் வழி கிடைக்கவில்லை.

1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. 1978 அரசியலமைப்பும் அதை வைத்துக்கொண்டது. 2004இல் ஜாதிக ஹெல உறுமயவின் ஒன்பது பிக்குகள் பாராளுமன்றம் போனார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. இனி அமைதி என்று கனபேர் நினைத்தார்கள். ஆனால் இப்படியான இயக்கத்துக்கு எப்போதும் ஒரு எதிரி வேண்டும். 2012இல் பொது பல சேனா வந்தது. 2014இல் அளுத்கம எரிந்தது. 2018இல் திகன எரிந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளை வைத்தது ஒரு சிறு கூட்டம். பழி முழு முஸ்லிம் சனத்தின் தலையில் விழுந்தது. 2020இல் கொவிட்டில் இறந்ததாகச் சொல்லி, பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையின் உடலைக்கூட எரித்தார்கள்.

சிங்களச் சனத்துக்காவது இதனால் சோறு கிடைத்ததா? 2019 நவம்பரில் அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்ற கோட்டாபயவை, 2022 ஜூலையில், காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று களைத்த சனம்தான் துரத்தியது.

இப்போது இங்கே வருவோம். நாங்கள் இருக்கும் இந்த நாட்டின் அரச மதம் இஸ்லாம். ஆனாலும் 2022இல் ஜெபல் அலியில் இந்துக் கோயில் திறந்தார்கள். 2024இல் அபுதாபியில் பெரிய கோயில் திறந்தார்கள். நன்றியோடுதான் கும்பிடுகிறோம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இங்கே எங்களுக்கு இருப்பது அனுமதி, உரிமை அல்ல. விசா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டும். அது தெரிந்துதான் வந்தோம்.

ஆனால் பிறந்த ஊரில் எனக்கு யார் விசா தருவது? 2008இல் இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா, இந்த நாடு சிங்களவருடையது, சிறுபான்மையினர் தகாத கோரிக்கைகள் வைக்கக்கூடாது என்ற கருத்தில் ஒரு கனேடியப் பத்திரிகைக்குச் சொன்னார். குருந்தூர்மலையிலும் தையிட்டியிலும் நடந்ததும் அதே கதைதான். சொந்த மண்ணில் குடிமகனை விருந்தாளியாக்குவதுதான் இந்த அரசியலின் வேலை. விருந்தாளியாக இருப்பது என்னவென்று கல்ஃபில் வேலை செய்யும் எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இதுவரை கை தட்டினீர்கள். இனிச் சொல்வதையும் கேளுங்கள்.

என் அறையில் புத்தளத்துத் தம்பி ஒருவன் இருக்கிறான். முஸ்லிம் பிள்ளை. அவன் கதைத்தால் அசல் யாழ்ப்பாணத் தமிழ். தாய் தகப்பன் யாழ்ப்பாணம் சோனகத்தெரு ஆக்கள். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் போகச் சொல்லி விடுதலைப் புலிகள் அவர்களை அனுப்பினார்கள். அந்த மாதம் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். தம்பி ஒருநாள் சொன்னான்: "அண்ணை, புத்தளத்தில எங்கள அகதி எண்டினம். யாழ்ப்பாணம் போனா புத்தளத்தான் எண்டினம். இஞ்சதான் நான் ஸ்ரீலங்கன்."

எனக்குப் பதில் வரவில்லை. புலிகள் சமயத்தின் பெயரால் செய்யவில்லை என்று சிலர் சொல்லுவார்கள். சரி. ஆனால் "வீடு எங்களுடையது, நீ விருந்தாளி" என்ற அதே வசனத்தைத்தான் அன்று நாங்களும் சொன்னோம். கனபேர் வேலிக்கு உள்ளே நின்று பார்த்தார்கள். 2016இல் வவுனியாவில் சிவசேனை என்று ஒரு அமைப்புத் தொடங்கினார்கள். இது சைவ மண் என்ற குரல் இப்போது எங்கட பக்கத்திலும் கேட்கிறது. நாவலரின் பள்ளிக்கூடத்தில் இருந்து அந்தக் குரலுக்குப் போகிற தூரம் அதிகம் இல்லை. தர்மபால போன தூரம்தான்.

பெரும்பான்மையின் கையில் அரசும் ஆமியும் இருக்கிறது, எங்களிடம் ஒன்றும் இல்லை. இரண்டும் சமமா என்று கேட்கலாம். சமமில்லை. குருந்தூர்மலைக்கு நியாயம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சோனகத்தெருவைப் பற்றி வாய் திறக்காதவன் கேட்கும் நியாயம் அரைவாசி நியாயம்தான்.

கடைசியாக ஒன்று. இன்று இங்கே வரும்போது அந்தப் புத்தளத்துத் தம்பியையும் குருநாகல் அண்ணரையும் கூட்டி வர நினைத்தேன். "எங்கட ஆக்கள் என்ன நினைப்பினமோ" எண்டு பயந்து கேட்காமல் வந்துவிட்டேன். தம்பி கட்டிலில் இருந்து நான் உடுப்பு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அந்த வெட்கத்தோடுதான் இவ்வளவும் கதைத்தேன்.

வருகிற சித்திரைக்கு இரண்டு பேரையும் கூட்டி வர இந்தச் சபையிடம் கேட்கிறேன். நீங்கள் ஓம் எண்டு சொல்ல வேணும்.