உறைமண்ணும் கடைக்காலும்



'பெர்மாஃப்ராஸ்ட்' என்பதை 'நிரந்தர உறைபனி' எனப் பெயர்த்தால், மாணவர் பனியை எண்ணுவர், மண்ணை மறப்பர். ஈராண்டேனும் தொடர்ந்து 0 பாகை செல்சியசுக்கு மேற்படாத நிலமே அது. ஆதலின் 'உறைமண்' என்போம். 'நிரந்தரம்' என்பதும் பொருந்தாது. மேலெழும் கட்டடத்தின் வெப்பமே உள்ளிருக்கும் பனிக்கட்டியை உருக்கி மண்ணை நெகிழ்த்திவிடும். 2006இல் லாசாவை எட்டிய திபெத்து இருப்புப்பாதையில், மண்ணின் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்களை நட்டது அதனாலேயே.

நம் உலு கிள்ளானில் உறைமண் இல்லை, நீர் உண்டு. 1993 டிசம்பர் 11 அன்று, மழைநீர் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து 'ஹைலண்ட் டவர்ஸ்' அடுக்ககத்தின் ஒரு தொகுதியைச் சாய்த்தது. 48 உயிர்கள் மாண்டன. கடைக்கால் இடுவோர் மண்ணுள் நீரின் நிலையை அறிதல் வேண்டும். அதனை மறைக்காத கலைச்சொல்லையே நாம் ஆக்கித் தருதல் வேண்டும்.