மூவர் பேசும் இசை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்வாண்டு இசையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நம் இசையைப் பற்றிப் பேச என்னினும் தகுதியுடையோர் இவ்வவையில் பலர் இருக்கின்றனர். ஆகவே, நான் சிறிதளவு பழகியுள்ள ஜாஸ் இசையைப் பற்றி, அதிலும் ஒரே ஒரு செய்தியைக் கூற விரும்புகிறேன். மூவரோ நால்வரோ கூடி வாசிக்கையில், ஒருவரோடொருவர் இசையால் உரையாடக் கற்பது எங்ஙனம் என்பதே அச்செய்தி.

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்து வளர்ந்த இசை. அதன் சிறு குழுவொன்றில் பியானோ, டபிள் பாஸ், டிரம் ஆகிய மூன்றே கருவிகள் இருப்பதுண்டு. டபிள் பாஸ் என்பது ஆள் உயரத்திற்கும் மேற்பட்ட வயலின் போன்றது. நின்றுகொண்டு விரலால் மீட்டுவர். பாட்டுகள் பல, நான்கு அட்சரம் கொண்ட 32 ஆவர்த்தனங்களில் அடங்குவன. முதலில் மெட்டை ஒருமுறை வாசிப்பர். பின்னர், அம்மெட்டுக்குரிய சுரக்கூட்டுகளின் வரிசை மீண்டும் மீண்டும் சுழன்று வர, அதன்மேல் மனோதர்மமாக வாசிப்பர். இறுதியில் மெட்டுக்குத் திரும்புவர்.

இதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பியானோ பேசும், பாஸ் ஆவர்த்தனத்திற்கு நான்கு சுரமாக நடந்து செல்லும், டிரம் காலம் காட்டும். பியானோ ஓய்ந்தபின் பாஸுக்கு முறை வரும். ஒவ்வொருவரும் தம் முறைக்குக் காத்திருப்பர். 1959-இல் பில் எவன்ஸ் என்னும் பியானோ கலைஞர், ஸ்காட் லஃபாரோ என்னும் பாஸ் கலைஞரையும் பால் மோஷன் என்னும் டிரம் கலைஞரையும் சேர்த்துக்கொண்டு, இவ்வழக்கத்தை மாற்ற முனைந்தார். ஒருவர் பின் ஒருவராகப் பேசாமல், மூவரும் ஒருங்கே உரையாட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரில் வில்லேஜ் வேன்கார்டு என்னும் நிலவறை அரங்கில், பிற்பகலும் இரவுமாக அவர்கள் வாசித்தது பதிவாயிற்று. கண்ணாடிக் குவளைகளின் ஓசையும் அவையோரின் பேச்சும்கூட அப்பதிவில் கேட்கின்றன. பியானோ ஒரு வாக்கியத்தைப் பாதியில் விடுகிறது; பாஸ் மேல் ஸ்தாயியில் அதற்கு மறுமொழி தருகிறது. டிரம் ஒவ்வோர் அட்சரத்தையும் தட்டிக் காட்டவில்லை. ஆயினும் தாளம் மூவர் மனத்திலும் ஓடுகிறது. பாடகரின் பிடியை வயலின் வித்துவான் வாங்கித் திருப்பித் தருவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது விளங்காத பொருளன்று.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டு பயிற்சிக்குப்பின், இந்நகரில் இரு நண்பர்களுடன் முதன்முறை வாசிக்க அமர்ந்தேன். கற்றதையெல்லாம் கொட்டினேன். முடிந்ததும் பாஸ் வாசித்த நண்பர் மென்மையாகக் கேட்டார்: "நான் இப்போது வாசித்தது உங்கள் காதில் விழுந்ததா?" விடை சொல்ல இயலாமல் தலைகுனிந்தேன். அன்றுதான் என் பாடம் தொடங்கிற்று.

அந்நண்பர் பின்னர் எனக்குப் பழக்கியவை நான்கு. குழுவில் மிக மெல்லிய ஒலியுடைய கருவி காதில் விழாவிட்டால், உன் ஒலியைக் குறை. பாட்டின் சுரக்கூட்டு வரிசையை ஏட்டைப் பாராமல் சொல்லக் கற்றுக்கொள். வழி தெரியாதவனுக்கு உடன் வருபவனின் பேச்சு காதில் ஏறாது. ஒரு வாக்கியம் வாசித்தபின் இடைவெளி விடு. அவ்விடைவெளியில் மற்றவர் சொல்வதைக் கேட்டு, அதிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் சற்றே மாற்றித் திருப்பிக் கொடு. இவற்றுள் மிகக் கடினமானது மூன்றாவதே. விரல்கள் சும்மா இருக்க மறுக்கும். நம் நிர்வாகக் குழுவில் இருந்தவர்களுக்கு இவ்வருமை நன்கு விளங்கும்!

பிழை நேர்ந்தால் என்ன செய்வது? 1960களில் மைல்ஸ் டேவிஸின் குழு ஒரு மேடையில் வாசித்தது. டேவிஸ் டிரம்பெட்டில் மனோதர்மம் செய்கையில், பியானோவில் அமர்ந்திருந்த இளைஞர் ஹெர்பி ஹான்காக், சற்றும் பொருந்தாத சுரக்கூட்டு ஒன்றை அழுத்திவிட்டார். அவர் கூசிப்போனார். டேவிஸோ ஒரு கணம் நின்று, அச்சுரக்கூட்டைச் சரியாக்கும் சுரங்களை வாசித்தார். தம் தலைவர் அதைப் பிழையாகக் கருதவில்லை, நிகழ்ந்துவிட்ட ஒன்றாகவே ஏற்றார் என்று ஹான்காக் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். செவி கொடுத்தவருக்கே இது கைவரும்.

மீண்டும் அந்த மூவரிடம் வருவோம். நிலவறைப் பதிவுக்குப் பதினொரு நாள் கழித்து, 1961 ஜூலை 6 அன்று, லஃபாரோ மோட்டார் விபத்தில் மறைந்தார். வயது 25. எவன்ஸ் சில மாதங்கள் மேடையேறவில்லை. தனியே வாசிக்க வல்ல பெருங்கலைஞர்தாம் அவர். ஆனால் இரண்டு ஆண்டுகளாக அவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டதெல்லாம், முடித்துவைக்க ஒருவர் இருந்தமையால் அன்றோ? பின்னர் வேறொரு பாஸ் கலைஞருடன் மீண்டும் தொடங்கினார். புதிய தோழரின் செவியையும் மொழியையும் மறுபடி முதலிலிருந்து அறிய வேண்டியிருந்தது.

எவன்ஸ் 1980-இலும் மோஷன் 2011-இலும் மறைந்தனர். அந்த ஞாயிற்றுக்கிழமையின் உரையாடல் மட்டும் நம்மிடம் எஞ்சியுள்ளது. எனக்குப் பாடம் சொன்ன நண்பரும் வேலை மாற்றலாகித் தொலைவூர் சென்றுவிட்டார். இன்று நான் வாசிக்கையில் இடைவெளி விடுகிறேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று செவி தானாகத் தேடுகிறது.

இளம் நண்பர்களே, நீங்கள் எக்கருவியைக் கற்றாலும், எப்பாட்டைப் பயின்றாலும், விரல் பழகுமுன் செவி பழகட்டும். உடன் வாசிப்பவர் இருக்கும்போதே அவரைக் கேட்டுவிடுங்கள். இவ்வளவு நேரம் நீங்கள் எனக்கு அளித்ததும் அதுவே.