சேர்ந்து உழைப்போம், வெளிச்சத்தில் உழைப்போம்

(வானொலி மறையுரை)



ஞாயிறு காலை நம் கோயிலில் நடப்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். பாடகர் குழுவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடுகிறார்கள். மறைக்கல்வி வகுப்பை அருள்சகோதரியும் இளைஞர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். பங்குப் பேரவையில் தாய்மாரும் பெரியவர்களும் ஒன்றாக அமர்கிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து உழைக்காவிட்டால் எந்தப் பங்கும் ஒரு வாரம்கூட ஓடாது.

ஆனாலும் இந்த உறவைப் பற்றி வெளிப்படையாகப் பேச நாம் தயங்குகிறோம். இருவர் சேர்ந்து பணி செய்தாலே வம்பு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையிலேயே தவறு நடக்கும்போது, "கோயில் பெயர் கெட்டுவிடும்" என்று வாயை மூடிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். வம்புக்கும் மௌனத்துக்கும் நடுவே நாம் நடக்க வேண்டிய வழி எது?

முதலில் ஆண்டவரைப் பார்ப்போம். அவர் பெண்களை ஒதுக்கி வைத்துப் பணி செய்யவில்லை. மகதலா மரியா, கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா, இன்னும் பல பெண்கள் பன்னிருவரோடு சேர்ந்து அவருடன் சென்றதையும், தங்கள் உடைமைகளைக் கொண்டு பணிவிடை செய்ததையும் லூக்கா நற்செய்தி எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசியது நண்பகலில், ஊரார் தண்ணீர் எடுக்கும் கிணற்றங்கரையில். சீடர்கள் வியப்படைந்தார்கள், ஆனால் அங்கே மறைக்க ஒன்றும் இல்லை. பேசி முடித்ததும் அந்தப் பெண் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் போய், நடந்ததை எல்லாரிடமும் சொன்னார். நல்ல உறவின் அடையாளம் இதுதான். அதைப் பற்றி நாலு பேரிடம் பேச முடியும்.

பவுலும் அப்படியே. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயா, பிரிஸ்கா என்று பல பெண்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். திமொத்தேயுவுக்கு எழுதும்போது, வயதில் மூத்த பெண்களைத் தாயாகவும், இளம் பெண்களைத் தூய மனத்தோடு தங்கையராகவும் நடத்தச் சொல்கிறார். "சகோதரி" என்று நம் வாய் எளிதாகச் சொல்லிவிடுகிறது. நம் நடத்தையும் அதைச் சொல்கிறதா என்பதே கேள்வி.

அன்பார்ந்தவர்களே, இதை வாழ்ந்து காட்டிய இரு புனிதர்களை நினைப்போம். ஒருவர் ஜெனீவா ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியார். தொன் போஸ்கோவின் சலேசிய சபை இவர் பெயரையே தாங்கியிருக்கிறது. மற்றவர் புனித ஜேன் பிரான்செஸ் தெ ஷாந்தால். 1601-இல் வேட்டையில் நேர்ந்த விபத்தில் கணவரை இழந்து, நான்கு பிள்ளைகளோடு நின்றவர். துயரத்தில் ஆன்ம ஆலோசனை தேடிய அவருக்கு முதலில் கிடைத்த குரு, நான்கு வாக்குறுதிகளை வாங்கிக்கொண்டார். எனக்குக் கீழ்ப்படிய வேண்டும். என்னை விட்டு வேறு குருவிடம் போகக் கூடாது. நான் சொல்வதை யாரிடமும் சொல்லக் கூடாது. உன் ஆன்மாவைப் பற்றி வேறு எவரிடமும் பேசக் கூடாது. அந்தப் பெண்மணி நிம்மதியின்றித் தவித்தார்.

1604-ஆம் ஆண்டு தவக்காலத்தில் தீஜோன் நகரில் சலேசியாரின் மறையுரைகளைக் கேட்டு அவரை அறிந்துகொண்டார். சில மாதங்களுக்குப் பின் சலேசியார் அந்த நான்கு வாக்குறுதிகளிலிருந்தும் அவரை விடுவித்தார். அவை மனச்சான்றின் அமைதியைக் கெடுக்கத்தான் உதவும் என்பது அவர் கருத்து. 1610-இல் இருவருமாக அன்னசி நகரில் ஒரு பெண் துறவற சபையைத் தொடங்கினார்கள். கன்னி மரியா எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்வே அதன் பெயர். இருவருக்கும் இடையே இருந்த நட்பு ஆழமானது. ஏராளமான கடிதங்கள் அதற்குச் சாட்சி. ஆனால் அவர் தம்மையே சார்ந்து நிற்காமல் கடவுளைச் சார்ந்து நிற்கும்படி, சலேசியார் அவரைப் படிப்படியாகப் பழக்கினார். 1622 டிசம்பரில், மூன்று ஆண்டுகளுக்கும் மேலான பிரிவுக்குப் பின், லியோன் நகரில் சந்தித்தார்கள். ஜேன் தம் ஆன்ம நிலையைப் பற்றிப் பேச ஆசைப்பட்டார். முதலில் சபைக் காரியங்களைப் பேசுவோம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார் சலேசியார். அந்தப் "பிறகு" வரவே இல்லை. டிசம்பர் 28-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். ஆனால் ஜேன் உடைந்துபோகவில்லை. 1641-இல் அவர் இறக்கும்போது சபைக்கு 80-க்கும் மேற்பட்ட இல்லங்கள் இருந்தன.

இரண்டு குருக்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாமவர் கட்டிப்போட்டார், இரண்டாமவர் கட்டவிழ்த்தார். "என்னிடம் மட்டும் பேசு, யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு பக்தியோடு சொன்னாலும், அங்கே எல்லை மீறப்பட்டுவிட்டது. குருவானாலும், வேதியரானாலும், செபக்குழுத் தலைவரானாலும் இதில் மாற்றமில்லை.

எல்லை என்பது அன்பை அடைக்கும் சுவர் அல்ல. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உள்ள கம்பித் தடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அது குரலைத் தடுப்பதில்லை, மன்னிப்பையும் தடுப்பதில்லை. இருபுறமும் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. அது திறந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது.

நம் பங்கில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? ஆலோசனை கேட்க வருபவரிடம், வெளியே இருப்பவர்கள் பார்க்கக்கூடிய அறையில் பேசுவோம். வீடு சந்திக்க இருவராகப் போவோம். பாடல் பயிற்சி நேரத்தைக் குழுவில் எல்லாருக்கும் தெரிவிப்போம். நள்ளிரவில் தனியே ஒருவருக்குச் செய்தி அனுப்ப வேண்டிய பங்குப் பணி அபூர்வம். மனைவியிடமோ கணவரிடமோ சொல்லாத மனக்குறையை உடன் உழைப்பவரிடம் சொல்லத் தொடங்கினால், அன்றே நின்று யோசிப்போம். தனிமை வாட்டும்போது குருவும் துறவியும்கூடத் தம் சபையாரிடமும் நல்ல நண்பர்களிடமும் மனம் திறக்கட்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, எல்லையைக் காக்கும் கடமையும் அவருக்கே அதிகம். பங்குப் பள்ளியில் வேலை, சிபாரிசுக் கடிதம், திருமண ஓலை எல்லாம் ஒருவர் கையெழுத்தில் இருக்கும்போது, எதிரே நிற்கும் பெண்ணால் "வேண்டாம்" என்று சொல்வது எளிதல்ல. அவர் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏதாவது நடந்துவிட்டால், அந்தப் பெண்ணைப் பாடகர் குழுவிலிருந்தும் மறைக்கல்வியிலிருந்தும் நிறுத்திவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று சொல்வதும் நீதியல்ல. பெண்களை விலக்கி வைப்பதற்கு எல்லை என்று பெயர் சூட்ட வேண்டாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட சட்டத்துக்கு, நீங்கள் உலகிற்கு ஒளி என்று ஆண்டவர் சொன்னதையே பெயராக வைத்தார். புகார்களைப் பெற மறைமாவட்டங்களில் வழி இருக்க வேண்டும். புகார் தந்தவரை மௌனமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் ஊதியமின்றித் தன்னார்வமாக உழைக்கும் பெண்களுக்கும் பாதுகாப்பு தருகிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் விசாரணைக் குழு இருக்க வேண்டும். நம் பள்ளியில், மருத்துவமனையில் அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். கேட்பது கோயிலுக்கு எதிரான செயல் அல்ல.

வம்பு பேசும் நாவையும் அடக்குவோம். ஆதாரமின்றிப் பேசுவது பிறர் பெயரைக் கெடுக்கும் பாவம். கண்ணால் கண்டதை உரியவரிடம் சொல்வது கடமை. இரண்டும் ஒன்றல்ல.

மன்றாடுவோம்: அன்பின் இறைவா, உமது திராட்சைத் தோட்டத்தில் உழைக்க ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக அழைத்தீர். ஒருவரையொருவர் மதிக்கவும், ஒருவர் சுதந்திரத்தை ஒருவர் காக்கவும், மறைக்க ஒன்றுமில்லாத வெளிச்சத்தில் நடக்கவும் எங்களுக்கு வரம் தாரும். காயப்பட்டவர்களுக்கு ஆறுதலும், பேசத் துணிவும், கேட்கும் காதுகளும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.