வழியச்சம் உரைக்கும் தோழமை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளியின் படி ஏறிய எவரும் 'கரடியும் இரு நண்பர்களும்' கதையைக் கேளாதிருக்க முடியாது. இருவர் காட்டு வழியே செல்கின்றனர். கரடி வருகிறது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்கிறான். மரமேறத் தெரியாத மற்றவன் மூச்சை அடக்கித் தரையில் கிடக்கிறான். கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. கரடி காதில் என்ன சொல்லிற்று என்று கேட்டபடி இறங்கி வருகிறான் முதல்வன். ஆபத்தில் கைவிடுபவனோடு வழி நடக்காதே என்று சொல்லிற்று என்கிறான் மற்றவன். ஈசாப்பின் பெயரால் உலகெங்கும் வழங்கும் இக்கதை தமிழ்ப் பிள்ளைகளின் கதையாகவே ஆகிவிட்டது.

கதையில் நீதி இருக்கிறது. கரடிதான் சரியாக இல்லை. இந்தியக் காடுகளில் வாழும் கரடி தேனுக்காக மரமேறும் விலங்கு. மரக்கிளையில் இருப்பவனுக்கும் அதனிடத்தில் முழுக் காப்பு இல்லை. இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. கதை, கரடி வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன் அவ்விருவரும் எதைப் பேசிக்கொண்டு வந்தார்கள்? மண்ணில் கிடந்த அடிச்சுவட்டை ஒருவனேனும் பார்த்தானா? இவ்வழியில் இன்ன விலங்கு உண்டு என்று ஒருவன் மற்றவனுக்குச் சொன்னானா? கதை இவற்றைக் கேட்பதில்லை. தமிழ் இலக்கியம் கேட்கிறது.

தோழி சொன்ன பட்டியல்

அக இலக்கியத்தில் 'ஆறுபார்த்துற்ற அச்சக் கிளவி' என்று ஒரு துறை உண்டு. ஆறு என்றால் வழி. இரவில் தலைவன் வரும் வழியின் இடர்களை எண்ணி அஞ்சிக் கூறுவது இத்துறை. அச்சத்தைப் பாடுபொருளாக்க ஒரு தனித் துறையையே வகுத்த மரபு இது. அந்த அச்சம் கோழைத்தனம் அன்று. ஒருவர் மீது கொண்ட அன்பினால், அவர் நடக்கும் வழியை அறிந்து வைத்திருப்பதனால் பிறப்பது.

இதன் முழு வடிவத்தைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் காணலாம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்குப் பாடப்பெற்றதென்று சொல்லப்படும் 261 அடிப் பாட்டு அது. பாடுபவள் தோழி, கேட்பவள் செவிலித்தாய். தலைவியின் காதலைச் செவிலிக்கு வெளிப்படுத்தி அறத்தொடு நிற்கிறாள் தோழி. அப்பாட்டென்றால் எவர்க்கும் நினைவுக்கு வருவன 99 மலர்கள். மேடைகளிலும் வகுப்பறைகளிலும் மூச்சுவிடாமல் அம்மலர்ப் பெயர்களை ஒப்பித்துக் கைதட்டல் பெற்றவர் பலர். ஆனால் பாட்டின் இறுதிப் பகுதியில் மற்றொரு பட்டியல் இருக்கிறது. அதனை ஒப்பிப்பார் அரியர்.

தலைவன் வரும் வழியில் என்னென்ன உண்டு என்று தோழி அடுக்குகிறாள். புலி, கரடி, காட்டு ஆ, களிறு, பாம்பு, மலைப்பாம்பு ஆகியவை அதில் உள்ளன. இடியும் வழுக்கு நிலமும்கூட விடுபடவில்லை. நீரில் வாழும் கொடிய உயிர்களைச் சொல்லும்போது அவள் ஒரு பெயரோடு அமையவில்லை; முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்களைச் சொல்கிறாள். உரைகள் இவற்றை முதலையின் வகைகள் என்கின்றன. எது எவ்வகை என்று இன்று துணிந்து சுட்டிக்காட்டுவது எளிதன்று. பாடிய காலத்தில் கேட்டவர்களுக்கு ஐயம் இருந்திராது. கண்முன் இருந்த உயிர் கண்ணைவிட்டு மறைந்ததும் சொல் உரைக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. இவ்வுரையின் கவலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தாம்பரத்தின் வழி

குறிஞ்சிப்பாட்டின் மலைவழிக்கும் தாம்பரத்துப் புறநகர்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு.

2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அப்போது பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலை இரவில் சாலையைக் கடந்தது. வண்டியில் சென்றவர் எடுத்த காணொளி சில மணி நேரத்தில் நாடெங்கும் பரவியது. ஊருக்குள் முதலை புகுந்துவிட்டது என்று பலரும் அஞ்சினர். சென்னையின் சில நீர்நிலைகளில் இம்முதலைகள் வாழ்கின்றன, அவை கூச்சமுடையவை, மனிதரை விலக்கியே வாழும், அஞ்ச வேண்டியதில்லை என்று வனத்துறையைக் கவனிக்கும் அரசுச் செயலாளர் விளக்கம் தந்தார். நெடுங்குன்றம் ஏரியில் முதலை உண்டு என்பது அப்பகுதியின் பழங்குடிகளுக்குப் புதிய செய்தியன்று. அதைக் கேட்டுத் திகைத்தவர்கள் அண்மையில் அங்கே வீடு கட்டிக் குடிவந்தவர்களே. முதலை ஊருக்குள் வரவில்லை. ஊர்தான் ஏரியின் விளிம்புவரை வந்து நின்றது.

தாம்பரத்தைச் சூழ்ந்த நிலத்தை அறிந்தோர்க்கு இது விளங்கும். சேலையூர், சிட்லப்பாக்கம், பீர்க்கன்கரணை, இரும்புலியூர், நெடுங்குன்றம் ஆகியவை ஒவ்வொன்றும் ஓர் ஏரியை உடைய ஊர்கள். வண்டலூரில் காப்புக்காடு இருக்கிறது. அதன் ஒரு பகுதியில்தான் 1985இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பெற்றது. நன்மங்கலத்தில் மற்றொரு காப்புக்காடு; அதன் கைவிடப்பட்ட கல்குவாரியில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கிண்டியில் இன்றிருக்கும் பாம்புப் பண்ணை முதலில் தொடங்கப்பெற்றது சேலையூரில்தான் என்பதும் பலர் அறியாத செய்தி.

இந்நிலத்தில் இன்று அதிகாலையில் ஓடுவோர் பெருகியுள்ளனர். தார்ச்சாலையில் ஓடிச் சலித்தவர்கள் மண்வழி தேடுகின்றனர். ஏரிக்கரை, குன்றடிவாரம், காப்புக்காட்டு வேலியோரம் என்று இருவர் இருவராக ஓடுகின்றனர். அப்படியொரு காட்சியை அவை மனத்தில் எழுதிப் பார்க்கலாம்.

மார்கழி மாதம். இருள் பிரியவில்லை. வண்டலூரை அடுத்த ஏரிக்கரை மண்வழியில் இரு நண்பர்கள் ஓடுகின்றனர். பூங்காவின் பக்கமிருந்து சிங்கத்தின் முழக்கம் கேட்கிறது. முன்னால் ஓடுபவன் சிரிக்கிறான். அவன் இரு காதுகளிலும் பாட்டுக் கேட்கும் கருவி. பின்னால் வருபவன் கையில் டார்ச் விளக்கு. திடீரென்று அவன் "நில்லுடா!" என்று கத்தி நண்பனின் சட்டையைப் பற்றி இழுக்கிறான். பத்தடி தொலைவில், சருகுக்கும் மண்ணுக்கும் இடையில், தடித்த கயிற்றைச் சுருட்டிப் போட்டாற்போல ஒரு கண்ணாடிவிரியன். அது சீறிக்கொண்டுதான் இருந்தது. காதடைத்தவனுக்குக் கேட்கவில்லை.

காதுக்கு எட்டிய சிங்கம் வேலிக்குள் இருக்கிறது. காலடியில் கிடக்கும் விரியனுக்கு வேலி இல்லை. அஞ்ச வேண்டியதை அறியாமலும் அறிந்ததற்கு அஞ்சாமலும் ஓடுவது வீரமாகாது.

அச்சத்தின் இலக்கணம்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்திருப்பர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 58,000 உயிர்கள். புலியும் யானையும் கரடியும் சேர்ந்து கொல்வோர் தொகை இதன் அருகில்கூட வாராது. தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

பெரும்பாலான உயிரிழப்புக்குக் காரணம் நல்ல பாம்பு, கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் என்னும் நான்கு. இவற்றுள் மூன்று எச்சரிக்கை செய்யும் இயல்புடையவை. நல்ல பாம்பு படமெடுத்துச் சீறும். கண்ணாடிவிரியன் குக்கரில் ஆவி போவதுபோல் உரக்க இரையும். சுருட்டைவிரியன் உடற்செதில்களை ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்பும். கட்டுவிரியன் மட்டுமே ஓசையின்றி இரவில் திரியும். ஆக, இருளில் விளக்கும் திறந்த காதும் வேண்டும். கடிபட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கேடு. கடிபட்டவரை ஓடவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்ல வேண்டும். தனியே ஓடுபவனுக்கு இது அரிது. துணையோடு ஓடுவதன் முதற்பயன் இதுவே.

முதலைக்கு வேறு இலக்கணம். அது நீரின் விளிம்பில் பதுங்கியிருந்து பற்றும். நிலத்தில் மனிதரைத் துரத்தித் திரிவதன்று. கரையை விட்டு விலகி ஓடுவோர்க்கு அதனால் இடரில்லை. சிறுத்தை உள்ள மலைக்காடுகளிலோ, புறங்காட்டி ஓடுவதே தவறு. ஓடுவது இரை என்று அதன் இயல்பு சொல்லும். நின்று, முகங்காட்டி, மெல்லப் பின்வாங்க வேண்டும். ஒவ்வோர் உயிருக்கும் ஒரு நெறி உண்டு. அதனை அறிந்தவன் அஞ்சும் அளவும் அறிவான்.

இருளர் இருவர்

வழியை அறிந்த நண்பர் இருவருக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் இருளர் குடியினர். வாழ்நாளெல்லாம் பாம்பு பிடித்தவர்கள். பாம்புத் தோல் வணிகம் 1970களில் தடை செய்யப்பட்டபோது இருளர்கள் பிழைப்பிழந்து நின்றனர். 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை ஒட்டி அமைந்தது அது. பிடித்த பாம்பைக் கொல்லாமல், சில வாரம் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அதன் முறை. நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்தே சென்றது. ஏரிக்கரையில் கடிபட்டவனின் உயிரைக் காக்கும் மருந்துக்குப் பின்னால் இவர்களின் கையும் கண்ணும் இருக்கின்றன.

அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்புநிலங்களில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017இல் இவ்விருவரும் அழைக்கப்பட்டனர். மொழி தெரியாது, நிலமும் புதிது. முதல் எட்டு நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு. 2023இல் இந்திய அரசு இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

அவர்கள் படித்தது மண்ணை. பாம்பு ஊர்ந்த தடம், உரித்த சட்டை, எச்சம் ஆகியவை அவர்களுக்கு எழுத்து. ஒருவன் கண்ணுக்குத் தப்பியதை மற்றவன் கண் பிடிக்கும். ஒருவன் புதருக்குள் கைவிடும்போது மற்றவன் காத்து நிற்பான். கதையில் வரும் நண்பன் மரமேறினான். இவர்கள் இருவரும் தரையில் நின்றனர். அறிவு இருந்ததனால் நிற்க முடிந்தது.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

இன்றைய கவிதைகளில் பாம்பு வந்தால் அது வஞ்சகனைக் குறிக்கிறது. முதலை வந்தால் பொய்க் கண்ணீர் வடிக்கிறது. புலி வந்தால் கொடியில் பறக்கிறது. நெடுங்குன்றம் ஏரியில் மழைக்காலத்தில் கரையேறும் முதலையைப் பாடிய கவிதை எத்தனை? வீடு கட்டும் மனையிலிருந்து வெளியேறி மண்வழியில் சுருண்டு கிடக்கும் விரியனைப் பாடியது எத்தனை? உவமையாக மட்டும் வாழும் உயிர் விரைவில் உரைக்குறிப்பாகிவிடும். இடங்கரும் கராமும் போன வழியில் முதலையும் போகும். ஏரி தூர்ந்து மனையாகிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு 'முதலை என்பது நீர்வாழ் உயிர்வகை' என்ற ஒரு வரிதான் மிஞ்சும்.

கபிலர் 99 மலர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். அதே பாட்டில் கொடு விலங்குகளையும் பெயர் சொல்லி அழைத்தார். பூவைப் பாடும் உரிமை, பாம்பின் பெயர் அறிந்தவருக்கே முழுமையாக உண்டு. இவ்வூரில் எழுதுவோர் தம் தெருக்கோடி ஏரியில் என்ன வாழ்கிறது என்று ஊர்ப் பெரியவர்களிடமும் இருளர்களிடமும் கேட்டு எழுதி வைத்தால், அது கவிதைக்கும் உதவும்; நாளை அதிகாலையில் ஓடப்போகும் இரு பிள்ளைகளுக்கும் உதவும். நகரம் தன் வழியை மறந்துவிட்டது. அதற்கு வழியச்சம் உரைக்கும் தோழியின் இடத்தில் நிற்பது கவிஞர் கடன்.

பத்தாண்டு வழி நடந்திருக்கிறது இவ்வட்டம். ஒருவர் எழுதியதில் உள்ள வழுக்கலை மற்றவர் சுட்டிக்காட்டி, கைபிடித்துக் கடக்கச் செய்த தோழமையாலேயே இத்தனை தொலைவு வர முடிந்தது. அந்தத் தோழமை ஏரிக்கரைக்கும் நீள்க.