கடைசியில் வருபவருக்கும் ஒரு பந்தயம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடப்புத்தகத்தில் இல்லாத, உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் கணித ஆசிரியர். எனக்கு மிகவும் பிடித்தது, சேற்றில் நடக்கும் ஒரு சைக்கிள் பந்தயம். அதன் பெயர் சைக்ளோகிராஸ். நான் அதில் ஒருநாளும் கலந்துகொண்டதில்லை. என்னிடம் இருப்பது பள்ளிக்குப் போய்வரும் சாதாரண சைக்கிள்தான். ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை 7.30 மணிக்கு நான் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். அப்போது பெல்ஜியத்தில் பிற்பகல் 3 மணி. பந்தயம் தொடங்கும் நேரம்.

அது எப்படிப்பட்ட பந்தயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றுப்பாதை. அதில் தார்ச்சாலை மிகக் குறைவு. புல்தரை, சேறு, மணல், மரங்களுக்கிடையே சரிவு, சில இடங்களில் படிக்கட்டு. பாதையின் குறுக்கே 40 சென்டிமீட்டர் உயரம் வரை பலகைகளை நிறுத்தியிருப்பார்கள். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, மறுபடியும் தாவி ஏற வேண்டும். பந்தயத்தின் அளவு நேரம்தான். முதல்நிலை ஆண்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், பெண்களுக்கு ஏறத்தாழ 50 நிமிடம். முதல் ஓரிரு சுற்றுகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, மொத்தம் எத்தனை சுற்று என்று நடுவர்கள் கணக்கிடுவார்கள். கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிப்பார்கள். கணித ஆசிரியர் ஒருவருக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை!

இது பிரான்சில் தோன்றிய விளையாட்டு. குளிர்காலத்தில் சாலைப் பந்தயங்கள் இல்லாத நாட்களில், உடல் தளர்ந்துவிடாமல் இருக்க வயல்களுக்குக் குறுக்கே ஓட்டத் தொடங்கினார்கள். 1902-இல் பிரான்சின் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1910-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற ஆக்டேவ் லாபீஸ், இந்தப் பயிற்சியே தனக்குக் கைகொடுத்தது என்றார். முதல் உலகப் போட்டி 1950-இல் பாரிசில் நடந்தது. பெண்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்க மேலும் 50 ஆண்டுகள் ஆயின. அவர்களுக்கான முதல் உலகப் போட்டி 2000-ஆம் ஆண்டில்தான் நடந்தது. அதன்பின் நெதர்லாந்தின் மரியான் வோஸ் 8 முறை உலகப் பட்டம் வென்றுவிட்டார்.

ஆனால் நான் இன்று பேச வந்தது வெற்றியாளர்களைப் பற்றி அல்ல. முதலில் நானும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, இதைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண மனிதர்கள் தங்கள் பந்தயங்களைப் பற்றி எழுதிய குறிப்புகளைப் படிக்கத் தொடங்கினேன். அவர்களை அமெச்சூர்கள் என்கிறார்கள். அலுவலக ஊழியர், தச்சர், செவிலியர், நம்மைப் போன்ற ஆசிரியர். பலர் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல இடங்களில், பிற்பகலில் முன்னணி வீரர்கள் ஓட்டும் அதே பாதையில் காலையில் இவர்கள் ஓட்டுகிறார்கள். அதே சேறு, அதே பலகை, அதே மணி.

ஓர் அமெச்சூரின் பருவம் கோடையின் முடிவிலேயே தொடங்கிவிடுகிறது. வேலை முடிந்த மாலையில் பூங்காவில் நான்கைந்து பேர் கூடி, சைக்கிளிலிருந்து இறங்கவும் ஏறவும் பழகுவார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒரு பலகையைத் திரும்பத் திரும்பத் தாண்டிக் குதிப்பதைப் பார்க்கும் யாருக்கும் சிரிப்பு வரும். செப்டம்பரில் முதல் பந்தயம், பெரும்பாலும் காய்ந்த புல்தரையில். அக்டோபர், நவம்பரில் மழையும் சேறும். டிசம்பரில் சேறு உறைந்து கல்லாகும். டயர் பதிந்த பள்ளங்கள் தண்டவாளம் போல இழுத்துக்கொண்டு போகும். விரல்கள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைக் கூடப் போட முடியாது.

இதில் அவர்களுக்கு எத்தனை எத்தனை அக்கறைகள்! அவற்றில் முதலிடம் டயருக்கு. நாம் கல்லைப் போல இறுகும்வரை காற்றடிப்போம். அவர்கள் காற்றைக் குறைப்பார்கள். டயர் சற்றுத் தளர்வாக இருந்தால்தான் சேற்றைப் பற்றிக்கொள்ளும். அதிகம் குறைத்தால் வேர் மீது மோதும்போது சக்கரமே அடிபடும். அதனால் பந்தயத்துக்கு முன் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பதும், கொஞ்சம் காற்றை விடுவதும், மறுபடி அடிப்பதுமாக இருப்பார்கள். பந்தயம் முடிந்ததும் சைக்கிளைக் கழுவத் தண்ணீர்க் குழாயருகே வரிசை. பிறகு பாதையோரம் நின்று, அடுத்த பிரிவினருக்காக மாட்டு மணியை ஆட்டி உற்சாகப்படுத்துவார்கள். ஆம், மாடுகளின் கழுத்தில் கட்டுகிறோமே, அதே மணிதான்.

இவ்வளவும் எதற்கு? ஐம்பதாவது இடத்துக்கு! புதிதாக வருபவர் தொடக்கக் கோட்டில் கடைசி வரிசையில்தான் நிற்க வேண்டும். வெல்ல முடியாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அந்தக் குறிப்புகளில் சலிப்பு இல்லை. 'சென்ற வாரம் இறங்கி ஓடிய மேட்டை இன்று ஓட்டியே ஏறினேன்', 'ஒருமுறை கூட விழவில்லை', 'வழக்கமாக என்னை முந்துபவரை இன்று நான் முந்தினேன்' என்பதே அவர்கள் எழுதும் செய்தி. ஒவ்வொருவருக்கும் பந்தயத்துக்குள் ஒரு பந்தயம் இருக்கிறது.

இதற்கு மனப்பான்மை மட்டும் காரணம் இல்லை, விதியும் காரணம். பாதை சுற்றிச் சுற்றி வருவதால், யார் முன்னால், யார் பின்னால் என்று பார்ப்பவருக்கு எளிதில் தெரியாது. பல அமெச்சூர் பந்தயங்களில், முதல்வர் முடித்த பிறகு மற்றவர்கள் எல்லோரும் தாங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் சுற்றோடு முடித்துக்கொள்ளலாம். ஒரு கணக்கு சொல்கிறேன். 40 நிமிடப் பந்தயம். முதல்வருக்குச் சுற்றுக்கு 8 நிமிடம், 5 சுற்று. கடைசியில் வருபவருக்குச் சுற்றுக்கு 11 நிமிடம். முதல்வர் முடிக்கும்போது இவர் 4-ஆவது சுற்றில் இருப்பார். 44-ஆவது நிமிடத்தில் அதே கோட்டைக் கடப்பார். முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'ஒரு சுற்று குறைவு' என்று இருக்கும். அவர் பந்தயத்தை முடித்தவர்தான்.

முன்னணிப் போட்டிகளில் வேறொரு விதி உண்டு. அதை 80 சதவீத விதி என்பார்கள். முதல்வரின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவீத அளவுக்குப் பின்தங்கியவரைப் பாதையிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். முதல் சுற்று 7 நிமிடம் என்றால், 5 நிமிடம் 36 நொடி பின்தங்கியவர் வெளியே. முன்னால் வேகமாக வருபவர்களுக்கு இடைஞ்சல் கூடாது என்பது காரணம். தொழில்முறைப் போட்டிக்கு அது நியாயமாக இருக்கலாம்.

இந்த விதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், அதே விதியை நான் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி விளையாட்டு விழா. நீண்ட தூர ஓட்டத்துக்கு நான் பொறுப்பு. மூன்று இடங்களும் முடிவாகிவிட்டன. ஒரு பையன் மட்டும் ஒரு சுற்றுக்கு மேல் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தான். சிறப்பு விருந்தினர் காத்திருந்தார். அடுத்த போட்டிக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் விசில் ஊதி, ஒலிபெருக்கியிலேயே, "போதும்பா, வெளியே வா" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவன் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றாமல் நெடுநேரம் இருந்தான்.

மறு ஆண்டு அவன் பெயர் கொடுக்கவில்லை. "ஏம்பா?" என்று கேட்டேன். "முடிக்க விடமாட்டீங்களே சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னான்.

நண்பர்களே, அவன் தோற்றதற்காக வருத்தப்படவில்லை. தோல்வி அவனுக்குப் புதிதல்ல. முடிப்பதற்கான உரிமையை நான் பறித்துவிட்டேன் என்பதுதான் அவன் சொன்னது. சேமித்தது இரண்டே நிமிடம்.

சென்ற ஆண்டு, உடற்கல்வி ஆசிரியரோடு சேர்ந்து ஒரு முயற்சி செய்தோம். அவர் முதலில், "போட்டின்னா ஜெயிக்கிறவங்களும் தோக்கிறவங்களும் இருக்கத்தானே சார் செய்வாங்க" என்றார். "இதிலும் இருப்பாங்க சார், ஆனா எல்லாரும் முடிப்பாங்க" என்றேன். 100 மீட்டர், 200 மீட்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். கூடுதலாக ஒன்று வைப்போம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பெயர் '12 நிமிட ஓட்டம்'.

சைக்கிள் வேண்டாம், கால்களே போதும். மைதானத்தைச் சுற்றி ஒரு பாதை. நீளம் தாண்டும் மணல்குழி, ஒரு மண்மேடு, தட்டினால் விழுந்துவிடும்படி செங்கல் மேல் வைத்த இரண்டு மூங்கில்கள் ஆகியவை தடைகள். ஓடலாம், நடக்கலாம், நின்று தண்ணீர் குடிக்கலாம். உடல்நலக் குறைவு உள்ளவர்களை முன்பே கேட்டறிந்து, அவர்களிடம் மணி அடிக்கும் பொறுப்பையும் நேரம் பார்க்கும் பொறுப்பையும் கொடுத்தோம். ஓடும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணுநர். நண்பன் எத்தனை சுற்று வந்தான் என்று அவர் நோட்டில் நேர்க்கோட்டுக் குறி போடுவார். 11-ஆவது நிமிடத்தில் மணி. 12-ஆவது நிமிடத்தில் விசில். ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை எல்லோரும் முடித்துவிட்டு வரலாம். அவ்வளவுதான்.

குறைகள் இருந்தன. முதல் நாள் சுற்றுக் கணக்கில் சண்டை வந்தது. புழுதி கிளம்பியது. ஒரு பெற்றோர், "இதுல யார் சார் முதல்?" என்று மூன்று முறை கேட்டார். முதல் மூவருக்குப் பரிசும் கொடுத்தோம். ஆனால் அதுவரை எந்தப் போட்டிக்கும் பெயர் தராத ஒரு மாணவி முதல் வாரம் 7 சுற்று வந்தாள். நான்காம் வாரம் 9. அந்த 9-ஐத் தன் நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். வகுப்பின் சுற்றுக் கணக்குகளையே எடுத்து, சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றையும் நடத்தினேன். தங்கள் கால்கள் கொடுத்த எண்கள் என்பதால் யாரும் கொட்டாவி விடவில்லை.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்த அந்தப் பையன் இதைப் பார்க்க அங்கே இல்லை. எங்கள் பள்ளியை முடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு நான் தர வேண்டிய இரண்டு நிமிடத்தை இனிமேல் தர முடியாது.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 80 சதவீத விதி மைதானத்தில் மட்டும் இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் எழுதி முடித்ததும் நான் கரும்பலகையை அழிக்கிறேன். பின்வரிசையில் ஒரு பெண் நான்காம் வரியில் இருக்கிறாள். அவள் பேனாவை மூடிவிடுகிறாள். அது விசில் ஊதியதற்குச் சமம். இப்போதெல்லாம் அழிப்பானைக் கையில் எடுத்ததும், ஒருமுறை திரும்பிப் பார்த்து, "இன்னும் யார் எழுதிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்கிறேன். முதல் சில நாட்கள் யாரும் கை தூக்கவில்லை. இப்போது தூக்குகிறார்கள்.

நேரம் ஆகத்தான் செய்கிறது. பெரும்பாலும் இரண்டு நிமிடம்.