தட்டாத கதவு

வெளிநாட்டு வாழ்க்கையில் விஞ்சி நிற்பது வருத்தமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு ஊர் படப்பை. பக்கத்தில் ஒரகடம். அங்கே 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலை திறந்த பிறகு, எங்க ஊர் டீக்கடையிலேயே ஸ்டுட்கார்ட், ஸ்டுட்கார்ட்னு பேச்சு. என் வீட்டுக்காரர் வேறொரு உதிரிபாகக் கம்பெனி. அவரையும் அதே ஊருக்கு ரெண்டு வருஷம் அனுப்பினாங்க. நானும் கைக்குழந்தையோட போனேன்.

எதிரணித் தலைவர் சொன்னார், "ஜெர்மன்காரன் ரயிலைப் பார்த்து கடிகாரத்தைத் திருத்தலாம்"னு. ஐயா, 2024-ல் அங்கே தொலைதூர ரயில்களில் நூற்றுக்கு சுமார் 62 தான் நேரத்துக்கு வந்தது. அதுவும் எப்படி? ஆறு நிமிஷத்துக்குள்ள வந்துட்டா அதுக்குத் தாமதம்னே பேர் இல்லையாம்! (சிரிப்பு) அந்த ரயிலைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தினா, நீங்க நாளைக்குத்தான் இந்த மேடைக்கு வருவீங்க! (கைதட்டல்)

குப்பையை எடுத்துக்குங்க. கண்ணாடி பாட்டிலை வெள்ளை, பழுப்பு, பச்சைன்னு நிறம் பார்த்துத்தான் தொட்டியில் போடணும். நம்ம ஊர்ல பொண்ணு பார்க்க வர்றவங்கதான் இவ்வளவு நிறம் பார்ப்பாங்க! ஞாயிற்றுக்கிழமை போடவே கூடாது. ஏன்? சத்தம் வருமாம்.

அந்தப் பக்கத்தில் 'கேர்வோக்கே'ன்னு ஒரு வழக்கம். பெருக்கும் வாரம்னு அர்த்தம். மாடிப்படியை வாரம் ஒரு வீட்டுக்காரங்க பெருக்கணும். யார் முறையோ அவங்க கதவில் ஓர் அட்டை தொங்கும். என் முறை வந்தது. பெருக்கித் துடைச்சேன். துடைச்ச தரையைப் பார்த்தா நம்ம கை சும்மா இருக்குமா? அரிசி மாவில் சின்னதா ஒரு புள்ளிக் கோலம் போட்டேன். உள்ளே போய் காபி குடிச்சுட்டு வர்றேன், கோலத்தைக் காணோம்! கீழ்வீட்டு அம்மா துடைப்பத்தோட நிக்கிறாங்க. பெருக்கின இடத்தில் மாவைக் கொட்டிட்டேனாம், பாவம்னு அவங்களே பெருக்கிட்டாங்க. (சிரிப்பு) அதோட விட்டாங்களா? அட்டையை மறுபடி என் கதவிலேயே மாட்டிட்டுப் போயிட்டாங்க!

ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது. ஞாயிறு ஓய்வு நாள்னு 1919-ல் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதி, அதையே 1949-ல் இன்றைய சட்டத்திலும் சேர்த்து வெச்சிருக்காங்க. ஒண்ணு ஒத்துக்கறேன், நடுவர் அவர்களே. என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் எங்களோட உட்கார்ந்து சாப்பிட்டது அங்கேதான். இங்கே ஷிப்டு. அவர் வரும்போது பிள்ளை தூங்கும். பிள்ளை எழும்போது அவர் தூங்குவார். இது எதிரணிக்கு நான் தரும் மொய்! (கைதட்டல்)

ஆனா ஒரு ஞாயிறு ராத்திரி. அவர் வேலையா வெளியூர் போயிருந்தார். குழந்தைக்கு அனலாக் கொதிக்குது. முறை வெச்சு ஏதாவது ஒரு மருந்துக்கடை திறந்திருக்கும். எந்தக் கடைன்னு மூடின கடை வாசலில் ஜெர்மன்ல எழுதியிருக்கும். படிச்சுச் சொல்ல ஆள் வேணும். கீழ்வீட்டுக்கு இறங்கினேன். கையைத் தூக்கினேன். மணி பத்தரை. பத்து மணிக்கு மேல சத்தம் கூடாதே! தட்டலாமா? கோவிச்சுக்குவாங்களா? பிள்ளையைத் தோளில் போட்டுக்கிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துட்டேன். நான் பெருக்கின படி.

படப்பையில் என் பிள்ளை ரெண்டு தரம் இருமினா, பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியா, "என்னம்மா, குழந்தைக்கு முடியலையா?"ன்னு கேட்பாங்க.

கடைசியில் பிள்ளை வீறிட்டு அழ, கதவு திறந்தது. அந்த அம்மாவே காரை எடுத்து, எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "ஏன் மணியடிக்கலை?" பதில் சொல்ற அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியலை.

காய்ச்சல் மறுநாளே இறங்கிடுச்சு. நான் படியில் உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரத்தை வசதியில் சேர்ப்பீங்களா, வருத்தத்தில் சேர்ப்பீங்களா, நீங்களே சொல்லுங்க நடுவர் அவர்களே.