கிணறு வாழ்ந்தால் தங்ககம் வாழும்

(யாழ்ப்பாணத்திற் சிறு தங்ககங்கள் நடத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உல்லாசப் பயணத்துறை நாட்டுக்குச் செல்வம் கொணரும் துறை என்கிறார்கள். அச்செல்வம் யார் கையிற் சேர்கிறது, எத்தனை காலம் நிலைக்கும் என்பனவே நமது கேள்விகள். இங்கு கூடியிருப்போர் கோடீசுவரர்கள் அல்லர். வீட்டில் இரண்டு அறைகளை ஒதுக்கி, வருவோருக்கு இடியப்பமும் சொதியும் பரிமாறிச் சீவியம் நடத்துபவர்கள்.

கிணறே முதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புப் பாறையினுள் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். மலக்குழிக் கழிவோ பாறை வெடிப்புகளினூடே அயற்கிணற்றை அடையும்.

நல்லூர்த் திருவிழா நடைபெறும் ஆடி, ஆவணி மாதங்களை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நம் உறவினர் திரண்டு வருவதும், கிணற்று நீர் தாழ்ந்து நிற்பதும் அக்காலத்திலேதான்! அவ்வேளை இரவு பகலாக மோட்டார் பூட்டி இறைப்பவர் அயலவரின் தோட்டத்தையும் குடிநீரையும் சேர்த்தே அழிக்கிறார். பேரப்பிள்ளைக்கும் அக்கிணறு நன்னீர் தரவேண்டும். நிலைத்த அபிவிருத்திக்கு நம் மண்ணில் இதைவிட வேறு வியாக்கியானம் வேண்டியதில்லை.

உதவி எங்கே?

கடமையைக் கூறிவிட்டு உதவியை மறுப்பது நீதியாகாது. 2018இல் இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பும் அதன்பின் கொரோனாவும் தாக்கியதால், 2021இல் அத்தொகை 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. இத்தகைய ஏற்றத் தாழ்வைப் பெருமுதலாளி தாங்குவார். நகையை அடகு வைத்து அறை கட்டிய தாய் எவ்வாறு தாங்குவாள்?

ஆதலால் நாம் கேட்பவை மூன்று. முதலாவது, கழிவகற்றல். இரண்டு அறை உடையவர் தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாது. உள்ளூராட்சிச் சபைகள் கழிவைச் சேகரித்துச் சுத்திகரிக்கவேண்டும். அதற்கான நிதியை அரசு வழங்கவேண்டும். இரண்டாவது, கடன். மழைநீர்த் தொட்டிக்கும் கசிவற்ற மலக்குழிக்கும் குறைந்த வட்டியில் கடன் வேண்டும். பயணிகள் வராத ஆண்டில் தவணை ஒத்திவைக்கப்படல் வேண்டும். மூன்றாவது, மொழி. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க உல்லாசப் பயணச் சட்டத்தின் கீழான பதிவும் கடிதத் தொடர்பும் தமிழில் நடைபெறவேண்டும். 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. எனவே இதனைச் சலுகையாக இரந்து பெறவேண்டியதில்லை, உரிமையாகவே கேட்போம்.

நமது பங்கு

கட்டுப்பாடு வந்தால் வியாபாரம் குன்றும் என அஞ்சுவோர் உளர். கிணறு உவரானபின் எந்த வியாபாரம் எஞ்சும்? கிராமந்தோறும் கூட்டுறவுச் சங்கம் அமையுங்கள். நீர் இறைப்புக்கு எல்லை வகுத்து, அதனை முதலில் நீங்களே கடைப்பிடியுங்கள். பின்னர், நாளை இங்கு வரக்கூடிய பெரிய ஹோட்டலும் அவ்வெல்லைக்கு அடங்கவேண்டுமென உரத்துக் கேளுங்கள். தாம் கைக்கொண்ட நெறியைப் பிறர்க்கும் விதிக்கக் கேட்பவரின் குரலை எந்த அரசும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.